பெட்டியில் போடப்படாத கேள்வி

திருச்சியில் நாங்கள் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் ஒரு கல்லூரி மாணவி கேட்டார்: "தோழர், நான் ஏதாவது ஒரு கட்சியில் சேரலாமா, இல்லை இப்படியே இயக்கத்தில் இருந்துவிடலாமா? கட்சிக்குப் போனால் சாதியைப் பற்றிப் பேச விடமாட்டார்கள் என்கிறார்கள். இயக்கத்தில் இருந்தால் கடைசிவரை பேசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான் என்கிறார்கள்." வந்திருந்தவர்களில் பாதிப் பேர் முதல் பாதிக்குத் தலையாட்டினார்கள், மீதிப் பேர் அடுத்த பாதிக்கு. எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லாமல் விட்ட பதில்தான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்வி திருச்சிக்குப் புதிதல்ல. 1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட திராவிட முன்னேற்றக் கழகம் 1952 பொதுத்தேர்தலில் போட்டியிடவில்லை. திராவிட நாடு கோரிக்கையை ஏற்றுக் கையெழுத்திட்ட பிற வேட்பாளர்களை ஆதரித்ததோடு நின்றுகொண்டது. அப்படி ஆதரவு பெற்று வென்றவர்களில் பலர் பிறகு அந்தக் கையெழுத்தை மறந்துபோனார்கள். அடுத்த தேர்தலில் நாமே நிற்பதா, வேண்டாமா என்ற விவாதம் கழகத்துக்குள் எழுந்தது. 1956 மே மாதம் திருச்சியில் நடந்த இரண்டாவது மாநில மாநாட்டில் அதற்கு முடிவு கண்டார்கள். தலைவர்கள் மேடையில் அறிவித்துத் தொண்டர்கள் கைதட்டி முடித்த முடிவல்ல அது. வாக்குப்பெட்டி வைத்து, வந்திருந்தவர்களிடம் வாக்குக் கேட்டார்கள். போட்டியிடலாம் என்று 56,942 பேர். வேண்டாம் என்று 4,203 பேர். அடுத்த ஆண்டு 15 பேர் சட்டமன்றத்துக்குள் போனார்கள். அன்றைய திருச்சி மாவட்டத்தின் குளித்தலையில் வென்று முதன்முறையாக உள்ளே போன கலைஞர் அவர்களில் ஒருவர். பத்தே ஆண்டுகளில் ஆட்சியே கைக்கு வந்தது.

ஓர் இயக்கம் கட்சியாக மாறலாமா என்பதைத் தன் தொண்டர்களிடமே பெட்டி வைத்துக் கேட்டது, இன்று நினைத்தாலும் பெரிய செய்தி. இன்று வேட்பாளர் பட்டியலை நாம் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். ஆனால் அந்தப் பெட்டியில் போடப்பட்டது ஒரு கேள்விதான்: போட்டியிடலாமா? அதற்கு அடுத்த கேள்வி எந்தப் பெட்டியிலும் போடப்படவில்லை. போட்டியிட்டால் யாருடைய வாக்கு வேண்டும், அந்த வாக்குக்காக எதைப் பேசாமல் விடப்போகிறோம்? என்னைப் பொறுத்தவரை கட்சி பிறக்கும் இடம் இந்த இரண்டாவது கேள்விதான். இதற்கான விடையை யாரும் தீர்மானமாக எழுதி நிறைவேற்றுவதில்லை. அது பழக்கமாகவே வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் வெளியே போய்வரலாம். ஜோதிராவ் பூலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அந்த மக்கள் அடிமை முறையை ஒழிக்க ஏன் அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு, அந்நாட்டுக் கட்சிகள் பிறந்த கதையில் பாதி விடை இருக்கிறது. சாதியும் அடிமை முறையும் ஒன்றல்ல. ஆனால் கட்சிகள் வாக்குக்காக மௌனம் காக்கும் முறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1787இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பில் கட்சி என்ற பேச்சே கிடையாது. முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் 1796இல் விடைபெறும்போது, கட்சி உணர்வு நாட்டைக் கெடுத்துவிடும் என்று எச்சரித்தார். ஆனால் அவரது அமைச்சரவைக்குள்ளேயே அப்போது இரண்டு கட்சிகள் முளைத்துவிட்டிருந்தன. நிதியமைச்சர் ஹாமில்டன் தேசிய வங்கியும் வலுவான நடுவண் அரசும் வேண்டும் என்றார். வெளியுறவு அமைச்சராக இருந்த ஜெஃபர்சனும் அவரது நண்பர் மேடிசனும் அதை எதிர்த்தார்கள். இரு தரப்பும் ஆளுக்கொரு பத்திரிகை வைத்துக்கொண்டு மாறி மாறித் தாக்கிக்கொண்டன. 'திராவிடன்', 'குடி அரசு', 'திராவிட நாடு' என்று ஏடுகளின் வழியாகவே அரசியல் வளர்ந்த நமக்கு இது அந்நியமான காட்சியல்ல.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெஃபர்சன் கட்சி வென்றது. ஆட்சி ஒரு கட்சியிடமிருந்து இன்னொரு கட்சிக்குச் சண்டையின்றி மாறியது என்று பாடநூல்கள் இதைக் கொண்டாடும். அந்த வெற்றிக்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மாநிலங்களின் மக்கள்தொகையைக் கணக்கிடும்போது அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று அரசமைப்பு அனுமதித்தது. அடிமைக்கு வாக்கு இல்லை. ஆனால் அடிமைகளின் தலையை எண்ணி அவர்களுடைய எசமானர்களின் மாநிலங்களுக்குக் கூடுதல் இடங்களும், அதன் வழியாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கூடுதல் வாக்குகளும் கிடைத்தன. ஆடம்ஸ் பெற்றது 65, ஜெஃபர்சன் பெற்றது 73. அடிமைக் கணக்கு இல்லாதிருந்தால் ஆடம்ஸ்தான் வென்றிருப்பார் என்று பல வரலாற்றாளர்கள் கூறுகிறார்கள். எளிய மக்களின் கட்சி என்று பெயர் வாங்கிய கட்சி, வாக்கில்லாத மக்களின் தலைக்கணக்கில் ஏறித்தான் ஆட்சிக்கு வந்தது.

அடுத்த தலைமுறையில் இது இன்னும் தெளிவாகிறது. 1820களில் மார்ட்டின் வான் பியூரன் என்ற நியூயார்க் அரசியல்வாதி, தெற்கின் பண்ணை முதலாளிகளையும் வடக்கின் சாதாரண வெள்ளையர்களையும் ஒரே கட்சிக்குள் கொண்டுவரப் பாடுபட்டார். ஜாக்சனை முன்னிறுத்தி 1828இல் வென்ற அந்தக் கூட்டணிதான் இன்றைய ஜனநாயகக் கட்சியின் தொடக்கம். கூட்டணி உடையாமலிருக்க ஒரே வழி, அடிமை முறையைப் பற்றிப் பேசாதிருப்பது. அடிமை முறைக்கு எதிராக வரும் மனுக்களை விவாதிக்காமலே ஒதுக்கிவைக்கும் விதி 1836இல் பிரதிநிதிகள் சபையில் கொண்டுவரப்பட்டது. 1844 வரை அது நீடித்தது. அதே காலத்தில் ஏழை வெள்ளையருக்கு வாக்குரிமை பரவலாகிக்கொண்டிருந்தது. நியூயார்க் 1821இல் வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதியைப் பெருமளவு நீக்கிவிட்டு, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. பென்சில்வேனியா 1838இல் வாக்குரிமையை வெள்ளையருக்கு மட்டும் என்றே எழுதிக்கொண்டது. நடுவில் இருந்தவர்களுக்குக் கதவு திறந்த அதே வேளையில், கீழே வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அது சாத்தப்பட்டது. இரண்டும் சேர்ந்தே நடந்தன.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் அரசியல் அமைப்பின் வரலாற்றை 1916இலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1891இல், அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையையும் இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையையும் அமைத்துவிட்டார்கள். தீர்மானம் போட்டார்கள், மனு எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். ஒரு கட்சிக்குத் தேவையான எல்லாம் அவர்களிடம் இருந்தது, வாக்கைத் தவிர. 1916 நவம்பரில் சென்னையில் உருவாகி நீதிக்கட்சி என்று பெயர் பெற்ற அமைப்பு 1920 தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தபோது, வாக்குரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே இருந்தது. ஒடுக்கப்பட்ட வகுப்பினர் சட்டமன்றத்துக்கு வந்தது நியமனத்தின் வழியாக.

நீதிக்கட்சியின் சாதனை சிறிதல்ல. அரசு வேலைகளில் பார்ப்பன ஏகபோகத்தை உடைக்கும் வகுப்புவாரி ஆணையை 1921இல் போட்டது அந்த ஆட்சிதான். பெண்களுக்கு வாக்குரிமைக்கான வழியும் அதே ஆண்டில் திறந்தது. ஆனால் அதே 1921இல் சென்னையில் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாக மாறியபோது, ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. நீதிக்கட்சித் தலைவர்கள் சிலர் பழியை ஆதிதிராவிடர் மேலேயே போட்டார்கள். சட்டமன்றத்தில் அக்கட்சியின் முன்னணித் தலைவர்களில் ஒருவராக இருந்த எம்.சி.ராஜா 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பார்ப்பனரல்லாதார் என்ற சொல்லுக்குள் தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை அந்தக் கட்சி பிறந்து ஏழு ஆண்டுகளுக்குள் அவர் தெரிந்துகொண்டார்.

வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்த பிறகு கணக்கு மாறியது. ஆனால் முழுதாக மாறவில்லை. 1952 தேர்தலில் வன்னியர்களைத் திரட்டிய உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்களும் காமன்வீல் கட்சிக்கு 6 இடங்களும் கிடைத்தன. காமன்வீல் தலைவர் ராஜாஜி அமைச்சரவைக்கும், உழைப்பாளர் கட்சித் தலைவர் 1954இல் காமராசர் அமைச்சரவைக்கும் போனார்கள். ஒரு வட்டாரத்தில் எண்ணிக்கையில் பெரிய சாதி திரண்டு நின்றால் அமைச்சர் பதவி வரும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் அன்றே படித்துக்கொண்டன. திருச்சியில் பெட்டி வைத்தவர்கள் நுழைந்தது இந்தக் களத்துக்குள்தான்.

1967க்குப் பிறகு நாம் பெற்றதை மறுப்பவர்கள் வரலாற்றை மறுக்கிறார்கள். சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு, இருமொழிக் கொள்கை, இட ஒதுக்கீட்டின் விரிவு, 2009இல் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு. மேடையில் மட்டும் பேசிக்கொண்டிருந்த இயக்கத்தால் இவற்றைத் தந்திருக்க முடியாது. என் தலைமுறையில் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள் பலர் ஆய்வு வரைக்கும் வந்திருப்பதற்குப் பின்னால் 1956இன் அந்த 56,942 வாக்குகளும் இருக்கின்றன.

அதே ஆட்சி வந்து இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள், 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனபோது மிராசுதார்கள் விடுதலையானார்கள். 1997இல் மேலவளவில், தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சியில் தலைவராக வென்ற ஒரே குற்றத்துக்காக முருகேசனும் அவரோடு இருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்களில் மூவரை அண்ணா நூற்றாண்டையொட்டி 2008இல் தி.மு.க. ஆட்சி விடுவித்தது. 13 பேரை எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி 2019இல் அ.தி.மு.க. ஆட்சி விடுவித்தது. மற்ற எல்லாவற்றிலும் எதிரெதிராக நிற்கும் இரண்டு கட்சிகள் இதில் மட்டும் ஒரே முடிவுக்கு வந்தது எப்படி? யாரும் சதி செய்திருக்கத் தேவையில்லை. இருவரும் ஒரே வாக்காளர் பட்டியலைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மனுக்களை ஒதுக்கிவைக்க விதி போட்ட அமெரிக்க சபையைப்போல நம் சட்டமன்றத்துக்கு எழுதப்பட்ட விதி தேவைப்படவில்லை.

இதற்கு மறுப்பாகச் சிலர் திருவரங்கத்தைக் காட்டுவார்கள். ராஜகோபுரத்துக்கு எதிரே பெரியார் சிலை நிற்கிறதே, அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் சட்டம் வந்ததே என்பார்கள். உண்மைதான். 2006 டிசம்பரில் திறப்பதற்கு முன்பே உடைக்கப்பட்ட அந்தச் சிலை மீண்டும் நிறுவப்பட்டு நிற்கிறது. பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் சட்டம் வந்தது. பல ஆண்டு வழக்குகளுக்குப் பிறகு அரசு தொடங்கிய ஆறு அர்ச்சகர் பயிற்சிப் பள்ளிகளில் ஒன்று திருவரங்கத்தில்தான் நடந்தது. படித்து முடித்த இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பிறகு, 2021 ஆகஸ்டில் இருபதுக்கும் மேற்பட்டோருக்குப் பணி ஆணை கிடைத்தது. திருச்சிக்குப் பக்கத்தில் குமாரவயலூர் முருகன் கோயிலில் அமர்த்தப்பட்ட இருவரின் நியமனத்தை 2023இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தது. இந்தப் போராட்டம் இன்னும் முடியவில்லை, அதைக் கைவிடவும் கூடாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கருவறைக்காக அரை நூற்றாண்டு நீதிமன்றத்தில் நின்று போராடக் கட்சியால் முடிந்தது. ஏனென்றால் அந்தப் போராட்டத்தில் கட்சி இழக்கும் வாக்குகள் குறைவு. அக்ரகாரத்தை எதிர்ப்பவர் மாவட்டச் செயலாளராகத் தொடரலாம். தன் சொந்தச் சாதிக்காரர் ஊரில் நடத்தும் தீண்டாமையை எதிர்ப்பவர் தொடர முடியுமா? சாதி ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளாக நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது ஏன்? சட்டம் எழுதத் தெரியாமலா? அந்தச் சட்டத்தின் கீழ் கைதாகக்கூடியவர்களின் உறவினர்கள் எந்தெந்தத் தொகுதியில் எத்தனை பேர் என்பது கட்சிகளுக்குத் தெரியும். தடை அங்கேதான் இருக்கிறது.

அப்படியானால் கட்சியே வேண்டாமா? இங்கேயும் அமெரிக்கக் கதை ஒன்று சொல்கிறது. இரண்டு பெரிய கட்சிகளும் வாய் மூடியிருந்தபோது, அடிமை ஒழிப்பை மட்டுமே முன்வைத்து லிபர்ட்டி கட்சி என்ற சிறு கட்சி 1840இல் தேர்தலில் நின்றது. கிடைத்தது ஏழாயிரம் வாக்குகள் அளவில்தான். எல்லோரும் சிரித்தார்கள். 1844இல் அது ஏறத்தாழ 62,000 ஆனது. வெற்றி பெற அது போதாது. பெரிய கட்சியின் வெற்றி தோல்வியை மாற்றப் போதுமானது. 1848இல் இன்னொரு கட்சி, 1854இல் இன்னொன்று. கடைசியில் வந்த அந்தக் குடியரசுக் கட்சிதான் 1860இல் லிங்கனை வெற்றிபெறச் செய்தது. இருபது ஆண்டுகளில், பேசக்கூடாது என்றிருந்த கேள்வியைப் பேசாமல் இனி யாரும் கட்சி நடத்த முடியாது என்றானது. வெளியே அடிமை ஒழிப்பு இயக்கங்கள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. உள்ளே சிறு கட்சிகள் அந்தக் கத்தலை வாக்காக மாற்றின. இயக்கமா கட்சியா என்று அவர்கள் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

நம்மிடமும் இந்த மரபு உண்டு. அம்பேத்கர் 1942இல் அமைத்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்புக்கும், அவர் மறைவுக்குப் பின் 1957இல் உருவான இந்தியக் குடியரசுக் கட்சிக்கும் தலைவராக இருந்தவர் சென்னையின் என்.சிவராஜ். தேர்தலைப் புறக்கணித்துவந்த விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் முதன்முறையாகக் களத்தில் இறங்கினார்கள். அன்று அந்த இயக்கத்துக்குள் எழுந்ததும் 1956இன் அதே கேள்விதான். 2024 ஜனவரியில் அவர்கள் மாநில மாநாட்டை நடத்தியதும் திருச்சிப் பக்கம் சிறுகனூரில்தான். அதே ஆண்டு பானைச் சின்னத்தில் நின்ற இரு தொகுதிகளிலும் வென்றார்கள். இரண்டும் தனித்தொகுதிகள். தலித் கட்சியும் தலித் வேட்பாளரும் பெரும்பாலும் தனித்தொகுதிக்கே என்று கூட்டணிப் பங்கீடுகள் எழுதாமல் எழுதிவைத்திருக்கும் வரம்பு அது.

அந்த வரம்பை உடைக்க முடியாது, வாக்காளர்கள் ஏற்கமாட்டார்கள் என்று கட்சிக்காரர்கள் சொல்வார்கள். அவர்களுக்குத் திருச்சி மக்களே 2001இல் பதில் சொல்லிவிட்டார்கள். அந்த ஆண்டு திருச்சி நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. பொதுத்தொகுதி. அ.தி.மு.க. நிறுத்திய வேட்பாளர், பெயரிலேயே அடையாளத்தைத் தாங்கிய தலித் எழில்மலை. அவர் வென்றார். இரட்டை இலைக்கு வாக்களித்துப் பழகிய கைகள் வேட்பாளரின் சாதியைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. ஆக, கட்சி நினைத்தால் வாக்காளர் வருகிறார். பெரிய கட்சிகள் அதைப் பிறகு வழக்கமாக்கிக்கொள்ளாததற்கு வாக்காளரைக் காரணம் காட்ட முடியாது.

இப்போது அந்த மாணவிக்கான பதில். சேருங்கள், தோழர். எந்தக் கட்சி என்பது உங்கள் முடிவு. ஆனால் உறுப்பினர் அட்டையோடு மூன்று கேள்விகளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பொதுத்தொகுதியில் எத்தனை தலித்துகளை நிறுத்துவீர்கள்? மாவட்டச் செயலாளர், ஒன்றியச் செயலாளர் பட்டியலில் எத்தனை தலித்துகள், எத்தனை பெண்கள்? நம் கட்சிக்காரரே சாதிக் கொடுமை செய்தால் கட்சி என்ன செய்யும்? கிளைக்கூட்டத்தில் கேளுங்கள், மாநாட்டில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் கேளுங்கள். எரிச்சல்படுவார்கள். படட்டும். சேர விரும்பாதவர்கள் வெளியே இருந்து இதே மூன்றையும் வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் ஒருவரையொருவர் துரோகி என்று திட்டிக்கொள்வதால் லாபம் யாருக்கு என்பது உங்களுக்கே தெரியும்.

1956இல் வேண்டாம் என்று வாக்களித்த 4,203 பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவர்களில் பலரும் தோற்ற பிறகு அதே கட்சிக்காகச் சுவரொட்டி ஒட்டியிருப்பார்கள். அவர்களுடைய அச்சம் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. பெரும்பான்மையின் முடிவும் தவறில்லை. தவறு ஒன்றுதான். அடுத்த கேள்வியையும் அதே பெட்டியில் போட்டிருக்க வேண்டும். அதைப் போடும் வேலை இப்போது நம்முடையது.